புள்ளி வைத்த எழுத்து

தேவாலாவில் பதினோராம் நாளாக மழை.
தேயிலை லயத்துக்குப் பின்னால்
தகரத்தின் கீழே ஒன்பது முதுகுகள்.
ஒரே ஈற்று, ஒரே தொட்டி,
கூடலூர் ஓட்டல்களின் ஒரே மிச்சச் சோறு.

கடைசி விலா எலும்பைத் தடவிக் கண்டுபிடித்து
நடுமுதுகிலிருந்து நாலு விரல் தள்ளி
மயிர் மழித்துக் கூழ் தடவுகிறேன்.
வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற அதே கருவிதான்,
இங்கே தேடுவது கொழுப்பை.
திரையில் சாம்பல் கோடுகள்:
தோல், பிறகு வெண்படலம், பிறகு சதை.
நான்காம் எண், பதினோரு மில்லிமீட்டர்.
ஏழாம் எண், இருபத்து மூன்று.
மறுபடி அளந்தேன். இருபத்து மூன்றேதான்.

"ஒரே தொட்டிலதானே தின்னுச்சு?"
சூசம்மாவுக்கு ஏழின் மேல் கோபம்.
வர்க்கி வந்தால் விலாவைக் கிள்ளிப் பார்த்துக்
கிலோவுக்கு முப்பது ரூபாய் குறைப்பான்.
வயநாட்டில் இப்போது
வீட்டுக்கு ஒரு இதய டாக்டர்.
ஆனாலும் போன ஆடியில்
பக்கத்து லயத்து வெள்ளைக் குட்டிகள் ஆறு
ஒரே இரவில் விறைத்துக் கிடந்தன.
இவளுடையதில் ஒன்றும் சாகவில்லை.
அதை யாரும் கிலோவில் சேர்ப்பதில்லை.

காது மடல்களில் கிள்ளிய துணுக்குகள்
பனிக்கட்டியோடு மலையிறங்கித்
தாளாகத் திரும்பி வந்திருந்தன.
இருநூற்றைம்பது கோடி எழுத்தில்
ஒரே ஓர் எழுத்து, சூசம்மா.
மாறினால் சதை கூடும், கொழுப்பு குறையும்.
சங்கத்து யார்க்‌ஷயரிடம் இரண்டும் இருந்தன.
நாலுக்கு அதைக் கொடுத்தான்,
ஏழுக்கு இதை.

"அப்ப கறுப்பி?"
சேற்றில் பக்கவாட்டில் கிடந்தாள் தாய்.

கறுப்பி கொடுத்ததும் ஒன்பதிலும் இருக்கிறது.
பேசாது, அவ்வளவுதான்.
இந்த ஓர் இடத்தில்
அப்பன் கொடுத்த எழுத்துதான் ஒலிக்கும்.
அம்மா கொடுத்தது
புள்ளி வைத்த மெய்,
உயிர் வந்து ஏறாதது.

கையிலிருந்த மூங்கிலைச் சுவரில் சாய்த்தாள்.
கொஞ்ச நேரம் தகரம் மட்டும் பேசிற்று.
"எம் பய சர்டிபிகேட்லயும் அப்படித்தான்.
அந்தாளு மூணு மாசங்கூட இருக்கல இங்க.
இனிசியல் மட்டும் நிக்குது."

நான் பன்றியைப் பற்றித்தான் சொன்னேன் என்றேன்.
"தெரியும். சொல்லு."

நாலைச் சங்கம் கேட்கிறது,
இனவிருத்திக்கு, நல்ல விலைக்கு.
நீண்ட உடல், மெலிந்த முதுகு,
பார்வைக்கு எல்லாம் சரி.
ஆனால் அவனுக்குள் கறுப்பியின் எழுத்து உறங்குகிறது.
அவன் அப்பனாகிறபோது
புள்ளி அழிந்துவிடும்.
அவன் பிள்ளைகளில் பாதிக்கு
அவள்தான் போவாள்,
அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு,
வாய் திறந்து,
அத்தனை கொழுப்போடும்.

சூசம்மா சிரித்த சிரிப்பில்
ஒன்பதும் மூலைக்கு ஓடின.
"சங்கத்துல சொல்லிட்டியா?"
தாளில் இருக்கிறது, படித்தால் தெரியும்.
"படிக்க மாட்டானுங்க."

மூன்று மணிக்கு ஜீப்.
காதை இருவர், வாலை ஒருவர் பிடித்து
நாலை ஏற்றினார்கள்.
லயம் முழுக்கக் கேட்டது அவன் அலறல்.
வர்க்கி வரவில்லை, நாடுகாணியில் மண்சரிவு.
ஏழு தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

என் பட்டியலில் தாய்க்குக் கட்டம் கிடையாது.
பாட்டரியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.
யாரும் கேட்காமலே
கறுப்பியின் முதுகில் கூழ் தடவினேன்.
கண்ணைக்கூடத் திறக்கவில்லை அவள்.

நாற்பத்தொன்று.

மழை அவள் மேல் விழுந்து
எங்கும் நுழைய முடியாமல்
வழிந்துகொண்டிருந்தது.